கிளட்ச் மாத்துன பிறகு ஆம்னியில ஆயில் ஒழுகுது, அதுவும் மலை ஏறினா மட்டும்

செங்கோட்டை தவில்:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1998 மாருதி ஆம்னி, கார்புரேட்டர் மாடல், பெட்ரோல் மட்டும். அப்பா வாங்குன வண்டி. நான் தவில் வாசிக்கிறவன். ரெண்டு தவில், ரெண்டு நாகஸ்வரம், சுருதிப் பெட்டி, தாளம், ஆள் அஞ்சு பேர், இவ்வளவையும் ஏத்திக்கிட்டு ஆரியங்காவு, அச்சன்கோவில், புனலூர்னு கோவில் கோவிலாப் போறது இதுலதான். கார்த்திகை பிறந்துட்டா வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை மலை ஏறி இறங்கும்.

போன மாசம் புளியரை எஸ் வளைவுல கிளட்ச் கைவிட்டுருச்சு. ஆக்சிலேட்டர மிதிச்சா எஞ்சின் கத்துது, வண்டி நகரல. பின்னால சபரிமலை வண்டிங்க பூரா ஹாரன். சக்கரத்துக்குக் கல்லக் குடுத்து நிறுத்திட்டு, ஆளையும் தவிலையும் இறக்கி வேற வண்டியில அனுப்பிட்டு, நான் மட்டும் ரிவர்ஸ்ல உருட்டிக்கிட்டே கீழ வந்தேன். மறுநாள் பட்டறையில விட்டாச்சு. கியர்பாக்ஸ இறக்கி கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூணும் புதுசு. வண்டி சும்மாதானே நிக்குதுன்னு எஞ்சின் தலைமேல இருக்கிற டாப்பெட் கவரத் திறந்து டாப்பெட் அட்ஜஸ்ட் பண்ணி, புது பேக்கிங் போட்டு, டைமிங் வச்சு டியூனிங்கும் பண்ணிக் குடுத்தாங்க. ஓட்டத்துல குறை சொல்ல முடியாது. கிளட்ச் பூ மாதிரி இருக்கு.

ஆனா அன்னையிலேருந்து ஆயில் ஒழுகுது. அதுக்கு முன்னால எஞ்சின் லேசா வேர்த்த மாதிரி இருக்கும், தரையில சொட்டுனது கிடையாது.

வீட்டு முன்னால சிமெண்ட் தரை. ராத்திரி வண்டிக்கு அடியில அட்டைப்பெட்டிய விரிச்சுப் போட்டு ரெண்டு வாரமாக் கணக்குப் பாத்துக்கிட்டிருக்கேன். சுரண்டை, கடையநல்லூர்னு சமதளத்துல ஓடிட்டு வந்தா ஒரு சொட்டு, சில நாள் அதுவும் இல்ல. புனலூர் போயிட்டு வந்தா உள்ளங்கை அகலத்துக்குக் கறை. ஒரு தடவை போயிட்டு வர்றதுக்குள்ள கால் லிட்டர் போலக் குறையுது. அதனால எப்பவும் கொஞ்சம் தாராளமாவே ஊத்தி வச்சிடுறேன். சொட்டுற இடம் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்துக்கு நேர் கீழ. எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில இருக்கிறதால தீஞ்ச எண்ணெய் வாடை வண்டிக்குள்ளயே வருது. புளியரை செக்போஸ்ட் தாண்டுனதும் ஆரம்பிக்கும், கோட்டவாசல் போறதுக்குள்ள தலைவலி. அடுத்துப் போய் ஒரு மணி நேரம் மேளம் வாசிக்கணும்.

பட்டறையில கேட்டா, "கிராங்க்கோட பின்பக்க ஆயில் சீல் போயிருச்சு, திரும்ப கியர்பாக்ஸ இறக்கணும்"ங்கறாங்க. கூலியும் திரும்ப முழுசா. இறக்கி வச்சிருந்தப்பவே மாத்தியிருக்கலாமேன்னு கேட்டேன். அப்ப நல்லா இருந்துச்சாம். அப்ப நல்லா இருந்த சீல் மூணே வாரத்துல எப்படிப் போகும்னு எனக்குப் பிடிபடல.

இறக்காமலே இது சீல்தானான்னு கண்டுபிடிக்க வழி இருக்கா? மார்கழி முடியறவரைக்கும் வண்டிய ரெண்டு நாளுக்கு மேல நிறுத்த முடியாது.

டீசல் தம்பி:

சீல்தான் ப்ரோ, யோசிக்கவே வேணாம். 1998 வண்டி. கம்பெனியே 2019ல ஆம்னிய நிறுத்திட்டான். குடுத்துட்டு ஈக்கோ எடுங்க, தவில் வைக்க இடமும் தாராளமா இருக்கும்.

புனலூர் பழைய பட்டறை:

தவில் தம்பி, அவசரப்பட்டு கியர்பாக்ஸ இறக்க விட்டுறாதீங்க.

நான் பிறந்தது புளியரை, பட்டறை வச்சிருந்தது புனலூர். இப்ப பட்டறை இல்ல, முட்டி வலிதான் இருக்கு. உங்க கடுதாசியிலேயே பாதி பதில் இருக்கு.

சீல் போனா எண்ணெய் மொதல்ல எங்க விழும்? கிளட்ச மூடியிருக்கிற பெல் ஹவுசிங்குக்கு உள்ள. அங்க என்ன சுத்துது? நீங்க காசு குடுத்துப் போட்ட புது கிளட்ச் பிளேட். அதுல எண்ணெய் பட்டுச்சுன்னா ஏத்தத்துல வழுக்கும். ஒரு நடைக்குக் கால் லிட்டர் அது வழியா வந்திருந்தா நீங்க இந்நேரம் எஸ் வளைவுல மறுபடியும் கல்லத் தேடிக்கிட்டு இருப்பீங்க. நீங்களோ பூ மாதிரி இருக்குங்கறீங்க. நூத்துக்கு நூறு ஆதாரம்னு இத சொல்ல மாட்டேன், ஆனா சீல் மேல எனக்கு சந்தேகம் குறைஞ்சு போச்சு.

அடுத்தது, மலை ஏறினா மட்டும்னு எழுதியிருக்கீங்களே, அத உங்க பட்டறையில சொன்னீங்களா? அதுதான் முக்கியம். மாருதி 800லயும் இதே 796 சிசி எஞ்சின்தான், ஆனா அதுல குறுக்க கிடக்கும். ஆம்னியில நெடுக்க. ஏத்தத்துல மூக்கு மேல தூக்குனதும் ஹெட்டுல, அதாவது எஞ்சினோட மேல் பாகத்துல, இருக்கிற எண்ணெய் பூரா பின்பக்கம் வந்து தேங்கும். ஹெட்டோட பின் முனையில என்ன இருக்கு? டிஸ்ட்ரிபூட்டர், ஸ்பார்க் பிளக்குகளுக்குக் கரண்ட்டப் பிரிச்சு அனுப்புறது. அது உக்கார்ற இடத்துல எண்ணெய் வெளிய வராம இருக்க ஒரே ஒரு ஓ ரிங்தான் காவல். உங்களுக்கு டைமிங் வச்சாங்கன்னு சொன்னீங்க. டைமிங் வைக்கணும்னா அந்த போல்ட்ட லூஸ் பண்ணி டிஸ்ட்ரிபூட்டரத் திருப்பாம முடியாது. வருஷக்கணக்கா சூட்டுல வெந்த ரப்பர், பிளாஸ்டிக் வளையல் மாதிரி இறுகியிருக்கும். அசைக்காத வரைக்கும் எண்ணெயத் தாங்கும். ஒரு தடவை திருப்புனா போச்சு. அங்கேருந்து வழியிற எண்ணெய் எஞ்சின் முதுகு வழியா இறங்கி, பெல் ஹவுசிங் மேல பட்டு, சுத்திக்கிட்டு வந்து அடியில சொட்டும். கீழ படுத்துக்கிட்டுப் பாத்தா யாரா இருந்தாலும் சீல்னுதான் சொல்லுவான். நானும் சொல்லியிருக்கேன்.

அம்பாசடர் ஓடுன காலத்துல ஒரு வண்டிக்கு அடியில இருக்கிற ஆயில் சேம்பர் பேக்கிங்க மூணு தடவை மாத்துனேன். மூணு தடவையும் ஒழுகுச்சு. கடைசியில பாத்தா பிளாக்குக்குப் பக்கவாட்டுல இருக்கிற சைடு கவரோட பேக்கிங். அங்கேருந்து வழிஞ்சு சேம்பர் விளிம்புல வந்து தொங்கிக்கிட்டு என்னைய ஏமாத்திருக்கு. வண்டிக்காரர் தென்மலை எஸ்டேட் ஆளு, நல்ல மனுசன். மூணாவது தடவை ஒண்ணும் திட்டல. அதுதான் சங்கடமா இருந்துச்சு.

இப்ப செய்ய வேண்டியது. எஞ்சின் நல்லா ஆறுன பிறகு சீட்டத் தூக்கி, கார்புரேட்டரையும் டிஸ்ட்ரிபூட்டரையும் பாலிதீன் கவர் போட்டுக் கட்டிட்டு, மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வச்சு மேலேருந்து கீழ வரை கழுவுங்க. துணியால துடைச்சு, ஒரு ராத்திரி காய விட்டு, வாடை சுத்தமாப் போன பிறகு ஸ்டார்ட் பண்ணுங்க. இல்லேன்னா தீப்பிடிக்கும், விளையாட்டில்ல. காஞ்ச இடத்துல முகத்துக்குப் போடுற பவுடரத் தூவுங்க. டாப்பெட் கவர் ஓரம், டிஸ்ட்ரிபூட்டர் அடி, பெல் ஹவுசிங் மேல்முகம், எல்லா இடத்துலயும். வழக்கம்போல ஆள ஏத்திக்கிட்டு கோட்டவாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து பாருங்க. ஜாஸ்தி நனைஞ்ச இடத்தப் பாக்காதீங்க, எல்லாத்துக்கும் மேல நனைஞ்ச இடம் எதுன்னு பாருங்க.

எண்ணெயத் தொட்டு மோந்தும் பாருங்க. கியர் ஆயில்னா கந்தக நாத்தம் அடிக்கும். கியர்பாக்ஸ இறக்கி ஏத்துன வண்டிங்கறதால இதையும் ஒதுக்கிறணும்.

அப்புறம், தாராளமா ஊத்துறேன்னு எழுதியிருக்கீங்க. ஆயில் அளவு பாக்குற டிப்ஸ்டிக்குல மேல் கோடு எதுக்குப் போட்டிருக்கான்? கோட்டுக்கு மேல ஊத்துனா கிராங்க் அதுல அடிச்சு நுரைச்சு உள்ள பிரஷர் ஏறும். ஒழுகல் கூடத்தான் செய்யும். மொதல்ல அத எடுத்து வெளிய விடுங்க.

ஜிப்ஸி பிரியன்:

ஆயில் மாத்தும்போது பில்டரும் மாத்துனாங்களா? பழைய பில்டரோட ரப்பர் வளையம் எஞ்சின்லயே ஒட்டிக்கிட்டு, அதுக்கு மேலயே புதுசப் பூட்டிட்டா ரெட்டை ரப்பர் ஆயிரும். என் வண்டியில நடந்திருக்கு, மொத்த ஆயிலும் ரோட்டுல. பெரிய ஒர்க்‌ஷாப்புல ஆயில்ல ஒரு சாயத்தக் கலந்து நீல லைட் அடிச்சுப் பாப்பாங்க, கசியிற இடம் மஞ்சளா மின்னும். ஆனா பவுடரே போதும்னு தோணுது.

செங்கோட்டை தவில்:

ஜிப்ஸி அண்ணே, ஆயிலும் மாத்தல, பில்டரும் மாத்தல.

புனலூர் அண்ணாச்சி, சொன்னபடியே செஞ்சேன். கூடுதலா இருந்த ஆயில மொதல்ல எடுத்தேன், அரை டம்ளருக்கு மேல வந்துச்சு, எனக்கே வெக்கமாப் போச்சு. கழுவ ஒரு நாள் பூரா ஆச்சு. சீட்டத் தூக்குனா அப்பா காலத்து அழுக்கு, ஸ்குரூ டிரைவரால சுரண்டி எடுத்தேன். நடுவுல அப்பாவோட பழைய விரல் கூடு ஒண்ணு கிடைச்சுது, தவில் வாசிக்கிறப்ப விரல்ல மாட்டுவோமே, அது. எப்ப விழுந்துச்சோ, கருங்கல்லு மாதிரி ஆகிக் கிடக்கு. அதக் கழுவி எடுத்து வச்சிருக்கேன்.

பவுடர் தங்கச்சியோடது, குட்டிக்கூரா. கேக்காம எடுத்துட்டேன். தூவி முடிச்சுப் பாத்தா எஞ்சின் கல்யாண மாப்பிள்ளை கணக்கா இருந்துச்சு. நேத்து சாயங்காலம் ஆரியங்காவுல மண்டலக் கட்டளைக் கச்சேரி, அதுக்கே போயிட்டோம். திரும்பி வந்து ராத்திரி பதினோரு மணிக்கு டார்ச் அடிச்சுப் பாத்தேன்.

டிஸ்ட்ரிபூட்டர் ஹெட்டுக்குள்ள நுழையிற கழுத்துல, கீழ்ப்பக்கமா, பவுடர் எண்ணெயோட குழைஞ்சு அல்வாப் பதத்துல நிக்குது. அதுலேருந்து விரல் அகலத்துக்கு ஒரு கோடு நேரா கீழ இறங்கி பெல் ஹவுசிங் தலையில பரவியிருக்கு. அதுக்கு மேல பவுடர் வெள்ளையா அப்படியே இருக்கு. எண்ணெயில கந்தக வாடை இல்ல. பெல் ஹவுசிங் அடியில இருக்கிற சின்ன ஓட்டையில கம்பியில பஞ்சு சுத்தி விட்டு எடுத்தேன், கிளட்ச் தூசிதான் கறுப்பா வந்துச்சு, பிசுபிசுப்பு இல்ல. அப்போ சீல் இல்லதானே?

ஆனா ஒரு குழப்பம். டாப்பெட் கவரோட பின் மூலையிலயும் பவுடர் ஈரமா இருக்கு. வழியல, நனைஞ்சிருக்கு. புது பேக்கிங்காச்சே அது. ரெண்டு இடமும் ஒரே நேரத்துலயா போகும்?

தென்காசி ஸ்பேர்ஸ் அக்கா:

தம்பி, நான் ஸ்பேர்ஸ் கடை வச்சிருக்கேன், ஸ்பேனர் பிடிக்கிற ஆள் இல்ல. ஆனா எங்க கவுண்டருக்குத் திரும்பி வர்ற பழைய சாமான்களப் பாத்தே பாதி கதை தெரிஞ்சிரும்.

டாப்பெட் கவர் பேக்கிங் நல்லதாவே இருந்தாலும் ரெண்டு விதத்துல ஒழுகும். ஒண்ணு, ஒழுகவே கூடாதுன்னு பலத்தையெல்லாம் காட்டி இறுக்குவாங்க. தகடு வளையும், பேக்கிங் பிதுங்கும், போல்ட்டுக்குப் பக்கத்துல அமுங்கி நடுவுல தூக்கிக்கும். இன்னொண்ணு, பேக்கிங் புதுசா வாங்குவாங்க, போல்ட்டுக்கு அடியில வர்ற ரப்பர் வாஷர வாங்க மாட்டாங்க. பழசு கல்லா இறுகிக் கிடக்கும். போல்ட் இறுகுன மாதிரி கையில தெரியும், ஆனா கவர் அழுந்தியிருக்காது. ரப்பர் பேக்கிங் மேல அனபாண்ட் பசையப் பிதுங்கப் பிதுங்க அப்புறதும் நடக்குது. உள்பக்கம் பிதுங்குனது உதிர்ந்து ஆயில் சல்லடையப் போய் அடைக்கும், அத யாரும் நினைச்சுப் பாக்கறதில்ல.

ஆனா ரெண்டு இடமும் ஒரே நேரத்துல ஒழுகுதுன்னா எனக்கு வேற சந்தேகம். டாப்பெட் கவர்லேருந்து ஏர் கிளீனருக்கு ஒரு ரப்பர் ஹோஸ் போகும், பிரீதர் ஹோஸ். கவரக் கழட்டும்போது அதப் பிடுங்காம முடியாது. திரும்ப ஒழுங்கா மாட்டுனாங்களான்னு பாருங்க. போன வருஷம் ஒருத்தர் ஒரு டஜன் சீல் வாங்கிட்டுப் போனதுக்கு அப்புறம் பிரீதர் ஹோஸ் வாங்க வந்தார்.

ஓ ரிங் வாங்க வரும்போது பழசையும் கொண்டாங்க. கண்ணளவுல குடுக்க மாட்டேன்.

புனலூர் பழைய பட்டறை:

அக்கா சொல்றத நான் மொதல் கடுதாசியிலேயே எழுதியிருக்கணும், விட்டுட்டேன்.

பிஸ்டன் ஓரமா எப்பவும் கொஞ்சம் புகை கீழ இறங்கிக்கிட்டேதான் இருக்கும், புது எஞ்சினா இருந்தாலும். அது வெளிய போற வழிதான் பிரீதர். வழிய அடைச்சா உள்ள பிரஷர் கட்டி, எந்த ரப்பர் இளைச்சிருக்கோ அதத் தள்ளிக்கிட்டு எண்ணெய் வரும். சமதளத்துல சும்மா உருட்டும்போது புகை கொஞ்சம். ஆறு பேரோட ரெண்டாம் கியர்ல மலை ஏறும்போது பல மடங்கு. உங்க அட்டைக் கணக்கு இதுக்கும் பொருந்துது. புது ஓ ரிங் போட்டும் ஹோஸ் அடைபட்டே இருந்துச்சுன்னா அடுத்த மாசம் நிஜமாவே சீல் போயிரும்.

பாக்கறது சுலபம். ஐடிலிங்ல ஓட விட்டு ஆயில் ஊத்துற மூடியத் திறந்து, திருகாம சும்மா கவுத்து வைங்க. லேசா ஆடுனாப் பரவாயில்ல. எகிறிக் கீழ விழுந்தா உள்ள பிரஷர் இருக்கு. மூடி எகிறி, ஹோஸும் சரியா இருந்துச்சுன்னா அது பிஸ்டன் ரிங் தேய்மானம், வேற செலவு.

டிஸ்ட்ரிபூட்டர உருவுறதுக்கு முன்னால அதுக்கும் ஹெட்டுக்கும் சேத்து ஆணியால ஒரு கோடு கீறுங்க. அதோட மூடியத் திறந்து உள்ள சுத்துற ரோட்டர் எந்தப் பக்கம் பாத்துக்கிட்டிருக்குன்னு போட்டோவும் எடுங்க. உருவுன பிறகு எஞ்சினச் சுத்தக் கூடாது. திரும்ப அதே கோட்டுல நின்னா டைமிங் கெடாது. புது ஓ ரிங்குல எஞ்சின் ஆயில் ஒரு சொட்டு தடவிப் போடுங்க, உலர்ந்து போட்டா சுருண்டு அறுந்துரும்.

செங்கோட்டை தவில்:

வேலை முடிஞ்சு ரெண்டு நடை புனலூர் போயிட்டு வந்தாச்சு. அதுக்கப்புறந்தான் எழுதணும்னு இருந்தேன்.

மூடியக் கவுத்து வச்சேன், தெறிச்சுப் போய் சீட்டுக்கு அடியில விழுந்துச்சு. ஹோஸத் தடவிக்கிட்டே போனா ஏர் கிளீனர் பக்கம் வர்றதுக்குள்ள மடங்கி, கிளிப்புக்கு அடியில நசுங்கிக் கிடக்கு. தண்ணி விடுற டியூப காலால மிதிச்ச மாதிரி. வெளிய தெரியாது, கை விட்டாத்தான் தெரியுது. கழட்டி வாயால ஊதிப் பாத்தேன், காத்து போகவே இல்ல. மடிஞ்ச இடத்துல ரப்பர் வெடிப்பும் விட்டுருந்துச்சு, அதனால அக்கா கடையில புதுசு வாங்கி, மடிப்பில்லாம மாட்டுனேன். மூடி இப்ப லேசா ஆடுறதோட சரி. பிஸ்டன் ரிங் தேய்மானம் இல்லேன்னு நினைச்சுக்கறேன்.

ஓ ரிங்க உருவும்போது அதுக்கு வட்டமே இல்ல, ஒரு பக்கம் தட்டையாப் போய், ரெண்டு இடத்துல கீறல். அதக் கொண்டுபோய்க் காட்டித்தான் புதுசு வாங்குனேன். டாப்பெட் கவருக்கு ரப்பர் வாஷரும் மாத்துனேன், பேக்கிங் அதேதான். போல்ட் இறுக்குறதுல மட்டும் யார் சொல்லியும் எனக்குத் தெரிய வேண்டியதில்ல. இப்ப வர்ற தவிலுக்குத் தோல்வாருக்குப் பதிலா நட்டு போல்ட்டுதான். ஒரு நட்ட முழுசா இறுக்கிட்டு அடுத்ததுக்குப் போனா வளையம் கோணும், வலந்தலை, அதான் வலது பக்கத் தோல், ஒரு ஓரத்துல ஒரு மாதிரியும் இன்னொரு ஓரத்துல வேற மாதிரியும் பேசும். எதிரும் புதிருமா, எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொண்டு வரணும். அதே கைப்பக்குவம்தான் இங்கயும். ஸ்பேனர மூணு விரலால பிடிச்சு இறுக்குனேன், அதுக்கு மேல போகல.

டிஸ்ட்ரிபூட்டர் கோடு கீறுன இடத்துலயே நிக்குது, மொத செல்ப்புலயே ஸ்டார்ட் ஆச்சு.

மொத நடை முடிஞ்சு காலையில அட்டையப் பாத்தேன், பழைய கறைக்குப் பக்கத்துல ஒரு மிளகு அளவு சொட்டு. ரெண்டாவது நடைக்கு அதுவும் இல்ல. டிப்ஸ்டிக் ஊத்துன அளவுலயே நிக்குது. தீஞ்ச வாடை இன்னும் கொஞ்சம் இருக்கு. சைலன்சர்ல ஏற்கெனவே வழிஞ்சது எரிஞ்சு தீரணும்னு நினைக்கிறேன்.

பட்டறைக்குப் போய் பழைய ஓ ரிங்கக் காட்டுனேன், சண்டைக்கு இல்ல. அவர் கையில வாங்கி ரெண்டு விரலால வளைச்சார், பட்டுனு ஒடிஞ்சுது. கொஞ்ச நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்துட்டுப் பையனக் கூப்பிட்டு டீ சொன்னார்.

தங்கச்சிக்கு இன்னும் பவுடர் வாங்கிக் குடுக்கல.